இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக

புத்தகம் எழுதுகிறவர்கள் உட்காருகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன். பேசியே ஆக வேண்டிய இரண்டு இடங்களில் பேசாமல் இருந்துவிட்டேன். தாளில் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. அப்பாவுக்கும் அதே வேலை, அண்ணனுக்கும் அதே வேலை. மெயின் அருவிக்குப் போகிற வழியில் அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருப்போம். ஆட்களைக் கூப்பிடுவது அவன். "வாங்க அண்ணாச்சி, ஒரு தட்டுல மூணு வருசத்துத் தலைவலி போயிரும்" என்பான். நான் பேசாமல் தேய்ப்பேன்.

தலைக்கு எண்ணெய் வைத்து முடிந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துச் சேர்த்து உச்சியில் தட்டுவோம். கைக்குள் காற்று அடைபட்டு டொப் டொப் என்று சத்தம் வரும். ஒவ்வொருவர் தட்டும் ஒரு மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் யார் தட்டுகிறார்கள் என்று எங்களால் சொல்ல முடியும். எங்கள் அப்பாவின் தட்டு இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக. அது அண்ணனுக்கு அப்படியே வந்தது. எனக்கு மூன்றாவது தட்டு எப்போதும் கொஞ்சம் பிந்தும்.

அண்ணனின் வலது கட்டைவிரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சீசனில் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து போலீஸ்காரர்கள் விசில் அடித்து ஆட்களை விரட்டியபோது, அந்த நெரிசலில் அவன் விரல் தடுப்புக் கம்பியில் மாட்டி ஒடிந்தது. கட்டுப் போட்டும் எலும்பு நேராகச் சேரவில்லை. நுனி வெளிப்பக்கம் திரும்பியே நின்றுவிட்டது. "கழுத்து நரம்பப் பிடிக்க இதாம்லே வசதி" என்று அவன் சொல்லிக்கொள்வான்.

அவன் வீடு இலஞ்சியில். மதினியும் ஒரே மகளும். மதினியின் கூடப்பிறந்தவர்களில் ஒருவர் போலீஸ், இன்னொருவர் ராணுவம். ஒரு சீசனில், அருவிக்கரையில் அண்ணன் யாரோ ஒருவர் முதுகில் எண்ணெய் தேய்க்கிற போட்டோ செய்தித்தாளில் வந்துவிட்டது. அதை ஒரு கல்யாண வீட்டில் எல்லாரும் வைத்துக்கொண்டு மதினியின் போலீஸ்கார அண்ணனைக் கேலி செய்திருக்கிறார்கள். அன்றைக்கு மதினி அழுதுகொண்டே வந்து, இனிமேல் எந்தக் கேமராவுக்கும் முன்னால் நிற்க மாட்டேன் என்று மகள் தலையில் அடித்து அண்ணனைச் சத்தியம் செய்யவைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சாரல் காலத்தில் லண்டனிலிருந்து ஒரு பையன் வந்தான். நம்ம நிறம், ஆனால் தமிழ் தெரியாது. கூடக் கேமராக்காரர்கள் இரண்டு பேர், பேச்சை மொழிபெயர்க்க மதுரையிலிருந்து ஒருவர். பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும், பாட்டு என்றால் ராகம் கிடையாது, வேகமாகப் பேசிக்கொண்டே போவது, ராப் என்பார்கள் என்று மதுரைக்காரர் சொன்னார். எங்களை ஐந்தருவிக்குக் கீழே ஓடை போகிற ஒரு பாறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கூட்டம் வராது. முதலில் என்னைத்தான் கேட்டார்கள். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அண்ணன் கூப்பிட்டுப் பார்த்தான். நான் வரவில்லை. கடைசியில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு அவனே போய் அந்தப் பையன் தலையில் எண்ணெயை ஊற்றினான். பாறைமேல் சின்னதாக ஒரு மைக்கை வைத்திருந்தார்கள். அண்ணன் தட்டத் தட்ட அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பாடவே இல்லை. திரும்பி வரும்போது அண்ணன் என்னிடம் கேட்டதெல்லாம் மதினியிடம் சொல்லாதே என்பதுதான். நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில், இங்கே வேலை குறைந்ததும், அண்ணன் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒரு எண்ணெய்ச் சிகிச்சை இடத்துக்கு வேலைக்குப் போனான். இரண்டு வாரம் போன் பேசினான். அப்புறம் போன் அணைந்துவிட்டது. வேலை கொடுத்தவர்கள், ஒரு நாள் சாயங்காலம் வெளியே போனவர் திரும்பவில்லை என்றார்கள். மதினியின் அண்ணனை வைத்துப் போலீசில் புகார் எழுதிக்கொடுத்தோம்.

தை மாதம் கொல்லத்திலிருந்து போலீசார் கூப்பிட்டார்கள். ஆற்றில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று. மதினியின் அண்ணனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் பிணவறைக்குப் போனேன்.

அதை அதிகம் எழுதப் போவதில்லை. முகம் இல்லை. உடம்பில் ஒரு டிராயர் மட்டும் இருந்தது. துணியை விலக்கினவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவசரப்படுத்தினார். நான் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரலின் நுனி வெளிப்பக்கம் திரும்பி நின்றது.

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், "இயாளாணோ?" என்று மலையாளத்தில் கேட்டார். பிறகு தமிழில், "சொல்லுங்க, உங்க ஆளா?" என்றார். சுற்றி ஆறேழு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று சொன்னால் பெயர் கேட்பார்கள், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள் என்று போனை என் கையில் கொடுப்பார்கள். மதினி எடுத்து "தம்பி?" என்பாள். "அல்ல" என்று சொன்னேன். அவர்கள் பாஷையிலேயே, ஒரே சொல். அவர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய் மதினியிடம் நேரில் சொல்லிவிட்டு, அவள் அண்ணனோடு நாளைக்குத் திரும்பி வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

இலஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மதினி நின்றுகொண்டிருந்தாள்.

"அவிய இல்லைல்லா தம்பி?"

"இல்ல மதினி."

அவள் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து நேராகக் குமாரர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். பொங்கல் வாங்கி என் கையில் கொடுத்தாள். பசியாக இருந்தது, தின்றேன்.

மூன்று வருஷம் போய்விட்டது. ஒவ்வொரு மாதமும் சொல்லிவிடலாம் என்று போவேன். அவள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து கதவைத் திறப்பாள். சுவர் ஆணியில் அண்ணன் சட்டை தொங்கும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இந்த வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தென்காசிக்காரர்கள். நல்ல இடம். மாப்பிள்ளையின் மாமா ஒருவர்தான் எல்லாவற்றையும் பேசினார். "தப்பா நெனைக்காதீய. ஆள் இருக்காவன்னா கூட்டியாங்க. இல்லன்னா காரியத்த முடிங்க. ரெண்டுமில்லாம பத்திரிகைல பேர எப்பிடிப் போடுதது?" என்றார். மதினி ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். பிறகு சரி என்றாள். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் ஆள் செய்து எரிக்கிற வழக்கம் உண்டு. ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் அதைச் செய்து, அமாவாசையன்று அருவிக்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டால் ஆவணியில் கல்யாணம். அண்ணனுக்கு மகன் இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவன் நான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆறுதலாக இருந்தது. தர்ப்பை எரிந்து முடிந்தால் நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனி கடைசியில் ஒரு நாள், கார் நிறுத்துகிற இடத்தில் கோயம்புத்தூர்ப் பையன்கள் நாலைந்து பேர் டிக்கியைத் திறந்துவைத்துப் பாட்டுப் போட்டார்கள். நான் ஒருவர் முதுகில் கை வைத்திருந்தேன். இங்கிலீஷில் ஒருவன் பேசிக்கொண்டே போகிறான், அதற்கு அடியில் இரண்டு மெதுவாக, மூன்று வேகமாக. மேளம் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று குனிந்திருந்தவர் கேட்டார்.

வேலை முடித்துவிட்டு அந்தப் பையன்களிடம் போய் நின்றேன். என்ன வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். பாட்டைக் காட்டினேன். ஒருவன் போனில் வீடியோவைப் போட்டுக் கொடுத்தான். ஈரப் பாறை, குரங்கு, தகர டப்பாவிலிருந்து ஒழுகுகிற எண்ணெய். அந்த லண்டன் பையன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். அவன் தலைமேல் இரண்டு கைகள். பின்னால் சிவப்புத் துண்டும் அண்ணன் முகமும் மூன்று விநாடி வருகின்றன. அப்புறம் கழுத்தை அழுத்துகிற கட்டைவிரல் மட்டும் திரை முழுக்க வந்து நிற்கிறது.

மறுநாளே யாரோ அதை மகளின் போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். மதினி என்னை வரச் சொன்னாள். போனபோது சமையல் செய்யாமல் போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியளா தம்பி. உசுரோட இருக்காவ."

மகள் மெதுவாக, "இது எப்ப எடுத்ததுன்னு தெரியலம்மா. போன மாசம் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்" என்றாள்.

"ஏட்டி, ஒனக்கென்ன தெரியும்? ஒந்தலைல அடிச்சுல்லா சத்தியம் பண்ணுனாவ. ஏங்கூட இருந்த வரைக்கும் ஒருத்தன் போட்டா எடுக்க விட்டிருப்பாவளா? சத்தியத்த மீறுதவியளா அவிய? நம்மள விட்டுப் போன பெறவுதான் எடுத்திருக்கு. அந்தப் பாறையப் பாரு. பாலருவி மாதிரில்லா இருக்கு. மலைக்கு அங்கிட்டுத்தான் இருக்காவ."

அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் கிடையாது, அண்ணன் சத்தியத்தை மீறினான் என்பதைத் தவிர. அது எனக்கு மட்டும் தெரியும். இப்போதே சொல்லிவிடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மதினி என்னைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்றாள். "பாக்கலாம் மதினி" என்றேன்.

தர்ப்பைக் காரியம் நின்றது. இரண்டு நாள் கழித்து, ஆணியில் தொங்கிய சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து அடுக்கிவிட்டு, பாலருவிக்குக் கூட வாருங்கள் என்றாள். போனேன். ஆரியங்காவில் இறங்கியதிலிருந்து அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். சீட்டுக் கொடுக்கிறவர், வனக்காவலர், டீக்கடைக்காரர் என்று எல்லாரிடமும் அண்ணன் முகம் வருகிற இடத்தில் போனை நிறுத்திக் காட்டினாள். திரை அணையும்போதெல்லாம் மறுபடி தட்டி எழுப்பினாள். டீக்கடையில் போனை என்னிடம் கொடுத்து, "நீங்க காட்டுங்க" என்றாள். நான் அதை நீட்டிக்கொண்டு நின்றேன். டீக்கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இல்ல சேச்சி. இங்ஙன கண்டதில்ல" என்றார். மதினி அருவியைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பாறைதான். தண்ணி கூடுதலா விழுததுனால வேற மாதிரி தெரியுது" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

மகள் தென்காசியில் பி.காம். முடித்தவள். வீடியோவுக்குக் கீழே, மற்றவர்கள் போட்டிருந்த கைகூப்புகிற பொம்மைப் படங்களுக்கும் தீப் படங்களுக்கும் நடுவில், இவர் என் அப்பா, மூன்று வருஷமாகக் காணவில்லை, இதை எப்போது எடுத்தீர்கள் என்று இங்கிலீஷில் எழுதிவைத்தாள். அந்தப் பையனின் பக்கத்துக்குத் தனியாகவும் அனுப்பினாள். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்டேன். அவனுடைய தம்பியை அவர்கள் தெருவில் வைத்து யாரோ கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்களாம். அதைத்தான் சொல்லிக்கொண்டு போகிறானாம். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அண்ணன் கொஞ்சம் மெதுவாகத் தட்டியிருப்பான்.

மாப்பிள்ளையின் மாமா இன்னொரு முறை வந்தார். மதினி அவருக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "சினிமால செத்தவனும்தான் ஆடுதான்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. காப்பியைக் குடிக்காமல் எழுந்தார். பதில் வருகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மகள் வாசல்வரை போய்ச் சொன்னாள். அமாவாசை வரைக்கும் பார்ப்போம் என்றார்.

நான் தினமும் வேலை முடிந்து அங்கே போனேன். பதில் வந்ததா என்று கேட்க மாட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். எட்டு நாளோ ஒன்பது நாளோ வரவில்லை. வரவே கூடாது என்று அந்த இலஞ்சி முருகனிடமே வேண்டிக்கொண்டேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பெரிய பதிலாகத்தான் இருந்தது. மகள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். எடுத்தது எந்த வருஷம், எந்த மாதம் என்று அவன் எழுதியிருந்தான். அண்ணன் போவதற்கு ஐந்து மாதம் முன்னால். தம்பியைப் பற்றிய பாட்டை முடிக்க முடியாமல் இத்தனை நாள் போட்டுவைத்திருந்ததாக எழுதியிருந்தான். உங்கள் அப்பா தலையில் தட்டிய அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு நான் தூங்கினேன், அவரைப் பார்த்தால் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தான். கடைசியில், வீடியோவில் சேர்க்காமல் மிச்சம் இருந்த துண்டு ஒன்றை உங்களுக்காக அனுப்புகிறேன் என்று இருந்தது.

மகள் அதை ஏற்கனவே பார்த்திருக்கிறாள். என்னைப் பார்க்காமல் போனைத் தரையில் வைத்து அழுத்தினாள்.

திரையில் முதலில் பாறை மட்டும்தான். பிறகு அண்ணன் குரல்.

"ஏலே, ஒளிஞ்சது போதும், வாலே. லண்டன்காரன் ஒன்னியத்தாம்லே கேக்கான்." சிரிக்கிறான். "சார், எந்தம்பிக்கு வெக்கம். பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனேன். பொண்ணு இவனப் பாக்கா, இவன் தரையப் பாக்கான். காப்பித் தட்டப் பொண்ணுகிட்டயே குடுத்துட்டு வந்துட்டாம்லா." யாரோ சிரிக்கிற சத்தம். அண்ணன் படத்துக்குள் வந்து துண்டை இறுக்கிக் கட்டுகிறான். கேமராவைத் தாண்டி, மரத்தடியில் நின்ற என்னைப் பார்த்து விரலை ஆட்டுகிறான். கோணலான அதே விரல். "மதினிகிட்ட மட்டும் சொல்லிராதலே. வெட்டிப்புடுவா."

அதோடு முடிந்தது.

மதினி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை போடு என்று கேட்கவில்லை.

"நீங்க அங்கன நின்னிய."

"ஆமா மதினி."

"பாலருவிக்கு ஏங்கூட வந்திய."

"ஆமா."

"டீக்கடைக்காரன்ட்ட போன நீட்டுனிய."

"ஆமா."

"வேற என்ன இருக்கு, தம்பி?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கும் நான் தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து போயிருப்பேன். வேறு என்ன இருக்கிறது என்று அவள் கேட்டது, எல்லாவற்றையும் எடுத்து வெளியே வை என்பது போல இருந்தது. தை மாதம் பார்த்ததைச் சொன்னேன். அறையைச் சொன்னேன், முகத்தைச் சொன்னேன், விரலைச் சொன்னேன், நான் சொன்ன ஒரு சொல்லைச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது கிடையாது. நடுவில் மகள் அழ ஆரம்பித்தாள். மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பேசவிட்டாள்.

"எங்க பொதைச்சாவ?"

"தெரியாது மதினி. கேக்கல."

"நான் கோயில்ல தேங்கா ஒடச்சேன்" என்றாள். பிறகு, "நீங்க பொங்கல் வாங்கித் தின்னிய" என்றாள்.

அவள் எழுந்து, தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகளில் ஒன்றை எடுத்து ஒரு பையில் வைத்தாள். மகளிடம் கொல்லம் ரயில் நேரத்தைப் பார்க்கச் சொன்னாள். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். உள்ளே மகள் ரயில் நேரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டேன்.

மறுநாள் ஆடி அமாவாசை. அருவிக்கரையில் தர்ப்பணம் கொடுக்க நல்ல கூட்டம். அன்று யாரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ள மாட்டார்கள், எங்களுக்கு வேலை கிடையாது. மதினியும் மகளும் காலையில் செங்கோட்டையில் கொல்லம் ரயில் ஏறினார்கள். என்னைக் கூப்பிடவில்லை.